புது உப்புநீர் மீன் தொட்டியில் தண்ணீர் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரியில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடற்கரை போய்ச் சேர நான்கைந்து மணி நேரமாவது ஆகும். அதனால் இங்கே கடல் நீர் என்பது நாமே கலந்து செய்வதுதான். ஆர்ஓ தண்ணீர், மரைன் சால்ட் எனப்படும் கடல் உப்புக் கலவை, ஒரு பிளாஸ்டிக் டிரம், அவ்வளவுதான். என் தொட்டியோடு பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று நண்பர்கள் தொடங்கிய தொட்டிகளையும் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு மாதத்தில் எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவற்றுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒன்று பொது: எதையும் ஊற்றுமுன் இரண்டு முறை அளந்து பாருங்கள். தண்ணீர் கெட்டுச் செத்த மீனைவிட, அவசரப்பட்டுத் தண்ணீரைச் சரிசெய்யப் போய்ச் செத்த மீனைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வர வேண்டிய அளவுகள்: உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு; அடர்த்தி எண் 1.025 முதல் 1.026), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பிஎச் (அமில, கார அளவு) 7.9 முதல் 8.4, ஆல்கலினிட்டி (பிஎச் சட்டென்று இறங்காமல் தாங்கும் பைகார்பனேட் அளவு, டிகேஎச் என்பது அதன் அலகு) 7 முதல் 10 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), மக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம். மீன் விடும் நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் (கழிவிலிருந்து வரும் நஞ்சுகள்) பூஜ்யம். கணக்குகள் எல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்குச் சொல்கிறேன். உங்கள் தொட்டிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையை விட்டால் சுரீர் என்கிறது

வேறு எதையும் பார்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் மிக எளிதாகப் பாயும். விரிசல் விட்ட ஹீட்டரோ, வயர் தேய்ந்த பம்போ காரணமாக இருக்கும். எது என்று நீங்களே ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டிக் கொடுத்த பிறகு தொட்டியைத் தொடுங்கள்.

உப்பு அளவு நாளுக்கு நாள் மாறுகிறது

முதல் சந்தேகம் கருவியின் மேல்தான். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால், முள்ளில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உப்பு படிந்திருந்தால் குறைத்துக் காட்டும். கழுவி, லேசாகத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) என்றால் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் இரண்டு மூன்று புள்ளி தள்ளிக் காட்டலாம். 35 பிபிடி அளவுத் திரவம் வாங்கி அதில் சரிசெய்வதுதான் முறை. கையில் இல்லையென்றால் நானே செய்துகொள்ளும் வழி ஒன்று உண்டு. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் அயோடின் சேர்க்காத தூய உப்பு 3.65 கிராம் எடுத்து, 96.35 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அந்தக் கரைசலை ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதன் தலையில் உள்ள சின்ன திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இது கருவியைச் சோதிக்க மட்டும்தான். தொட்டிக்குள் ஊற்றுவதற்கு அல்ல.

கருவி சரி என்றால் அடுத்தது ஆவியாதல். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தாலே 35 என்பது ஏறக்குறைய 37 ஆகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மேலே ஒரு ஃபேனும் ஓடினால், அந்த 5 லிட்டர் மூன்று நாள் கணக்கு. தொட்டிக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியதும் வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறவர்களுக்குத்தான் மாதக் கடைசியில் 40 காட்டும்.

ஏறிப்போன அளவை இறக்க: 38 இருக்கிறது, 35 வேண்டும் என்றால் சுமார் 8 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். மீன் இருக்கிறது என்றால் ஒரே நாளில் செய்யாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்துச் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உப்பு அளவு *இறங்கிக்கொண்டே* போகிறதா? அப்படியானால் எங்கோ உப்புத் தண்ணீர் வெளியே போகிறது. ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) கோப்பை நிரம்பி வழிகிறதா, தொட்டியின் மூலையில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஒட்டிய இடத்தில் கசிவு என்றால், சிலிக்கான் மேல் சிலிக்கான் பூசி ஒப்பேற்ற வேண்டாம். தொட்டி ஒட்டுகிறவரைக் கூப்பிட்டு, காலி செய்து, பழையதைச் சுரண்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

உப்பு அளவு சரியாக இருக்கிறது, ஆல்கலினிட்டி மட்டும் 1, 2 என்று நிற்கிறது

"தம்பி, ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுது, மீன் ஏன் மூச்சு வாங்குது?" என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். போய்ப் பார்த்தால் டிரம் பக்கத்தில் கல் உப்பு மூட்டை. கடலில் இருந்துதானே வருகிறது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் உப்பளத்தில் உப்பு படிந்ததும், மக்னீசியம் எல்லாம் தங்கியிருக்கும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். மூட்டையில் வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். ரிஃப்ராக்டோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கடல் நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எதுவும் அதில் போதிய அளவு கிடையாது.

கல் உப்பு பயன்படுத்தியிருந்தால் மருந்து ஊற்றிச் சரிசெய்ய முடியாது. தண்ணீரை முழுவதும் மாற்றி, மரைன் சால்ட் போட்டுத் தொடங்குங்கள். 35 வர லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை பிடிக்கும், பிராண்டைப் பொறுத்து மாறும்.

மரைன் சால்ட்டே போட்டும் இப்படி வருகிறதா? மூட்டை லாரியில் குலுங்கி வந்ததில் நுண்ணிய தூள் அடியில் தங்கி, பெரிய மணிகள் மேலே நின்றிருக்கும். மேலாக அள்ளினால் ஒரு கலவை, அடியில் அள்ளினால் வேறு கலவை. பிரிக்குமுன் மூட்டையை நாலு புறமும் உருட்டிவிடுங்கள். ஈரம் இறுகிக் கட்டியாகிப் போன மூட்டையை வாங்கவே வேண்டாம்.

கொஞ்சம்தான் குறைவு என்றால் வீட்டில் இருக்கும் சமையல் சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்: பேக்கிங் பவுடர் வேறு, சலவை சோடா வேறு.

அம்மோனியா இறங்கவே மாட்டேன் என்கிறது

இங்கே இரண்டு வழி பிரிகிறது. தொட்டியில் மீன் இருக்கிறதா, இல்லையா?

*மீன் இல்லை.* அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் போன் செய்கிறவர்களிடம் நான் சொல்லும் ஒரே மருந்து காலண்டர்தான். ஆனாலும் நான்கு வாரமாகியும் அசையவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதி. அப்புறம், அதே கிட்டில் வெறும் ஆர்ஓ தண்ணீரைச் சோதியுங்கள். அதிலும் பச்சை (அம்மோனியா இருப்பதைக் காட்டும் நிறம்) வந்தால் கிட் பொய் சொல்கிறது, அல்லது உங்கள் தண்ணீரிலேயே அம்மோனியா இருக்கிறது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். தொட்டியின் நீல விளக்கில் பார்த்தால் மஞ்சளும் பச்சையாகத்தான் தெரியும்.

அடுத்தது, பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போடும் அம்மோனியாவை அதிகமாகப் போட்டுவிட்டீர்களா? 2 பிபிஎம் இருந்தால் போதும். 5க்கு மேல் போனால் பாக்டீரியாவே திணறும். அம்மோனியம் குளோரைடு என்றால் 100 லிட்டருக்கு சுமார் 0.6 கிராம்தான் கணக்கு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் இதே பொருள்தான். ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. லேப் கெமிக்கல் விற்கும் கடையில் தூய்மையானதை வாங்குங்கள். கூடிப்போயிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

அதற்கும் அடுத்தது குளோரின். ஒகேனக்கல் குடிநீர் குளோரின் கலந்துதான் வருகிறது. அதை நேரே பிடித்து ஊற்றியிருந்தால் பாக்டீரியா எப்படிப் பிழைக்கும்? ஆர்ஓவின் கார்பன் ஃபில்டர் தேய்ந்திருந்தாலும் குளோரின் தாண்டி வந்துவிடும். கடைசியாக, ஆல்கலினிட்டி 5க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதையும் செலவழிக்கும்.

*மீன் இருக்கிறது.* அப்படியானால் காத்திருக்கக் கூடாது. 0.25 பிபிஎம் தாண்டினாலே தீனியை நிறுத்துங்கள். அதே உப்பு, அதே வெப்பத்தில் கலந்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) போடுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் இருந்தால் அளவோடு விடுங்கள், ஆனால் அதற்குப் பிறகு சில டெஸ்ட் கிட்கள் தவறாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த நேரத்தில் பிஎச்சை ஏற்றும் மருந்து எதையும் தொடாதீர்கள். பிஎச் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் நஞ்சாகும். இரண்டு நாள் தொடர்ந்து மாற்றியும் இறங்கவில்லை என்றால் மீனை வாங்கிய கடைக்கே கொண்டுபோய், தொட்டி தயாராகும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

சிலர் "அம்மோனியா முதல் நாளிலிருந்தே பூஜ்யம், தொட்டி ரெடி" என்பார்கள். அம்மோனியா வருவதற்கு எதுவும் போடாத தொட்டியில் பூஜ்யம்தான் காட்டும். 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அது தயார்.

அம்மோனியா போய்விட்டது, நைட்ரேட் தாறுமாறாகக் காட்டுகிறது

நைட்ரைட்டைப் பாருங்கள். நைட்ரைட் இருக்கும் தண்ணீரில் நைட்ரேட் டெஸ்ட் கிட் கன்னாபின்னாவென்று கூட்டிக் காட்டும். நைட்ரைட் பூஜ்யமான பிறகு மறுபடி அளந்தால் 100 என்றது 15 ஆகியிருக்கும்.

அப்போதும் 50க்கு மேல் என்றால் ஊற்றும் தண்ணீரைச் சோதியுங்கள். உரம் போடும் நிலத்துக்கு நடுவே உள்ள போர் என்றால் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் நைட்ரேட், கடினத்தன்மை, ஃபுளோரைடு எல்லாம் பார்த்துத் தருவார்கள். ஒருமுறை செய்துவைத்தால் பல நாள் குழப்பம் தீரும்.

தண்ணீர் பால் போல இருக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் தூள் தங்கி, மேலே தெளிந்திருந்தால் அது மணல் தூசி அல்லது சுண்ணாம்புப் படிவு. தெளியாமல் அப்படியே மங்கலாக இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம்.

பாக்டீரியா என்றால் காற்றைக் கூட்டி, தீனியைக் குறைத்துவிட்டு விடுங்கள். சில நாளில் தானே தெளியும்.

தூசி என்றால் பெரும்பாலும் மணலைக் கழுவாதது. இங்கே குவாரி பக்கம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் போட்டவர்கள் உண்டு. அது அரைத்த கருங்கல். எத்தனை முறை அலசினாலும் தூசி விடும், முனையும் கூர்மை. அரகோனைட் (கடல் தொட்டிக்கு ஏற்ற சுண்ணாம்பு வகை) மணலுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமேசுவரம் பக்கம் போனபோது எடுத்தது என்று பவளக்கல்லைக் கொண்டுவந்து தொட்டியில் வைக்கிறார்கள். பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்த கல்தானே என்ற சமாதானம் செல்லாது. செயற்கைப் பாறையும் செராமிக் கல்லும் அதே வேலையைச் செய்யும்.

சுண்ணாம்புப் படிவுதானா என்று தெரிந்துகொள்ள, ஹீட்டர் மேலும் பம்பின் மேலும் விரலால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் போல் சொரசொரக்கும். கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் போட்டு இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதுவேதான். காரணங்கள் இந்த வரிசையில் வரும்: டிரம்மில் உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றியது (தண்ணீர் முதலில், உப்பு பிறகு), கலந்த நீரை மூட்டையில் எழுதிய நேரத்தைத் தாண்டிச் சூட்டில் சுழலவிட்டது, கால்சியம் மருந்தையும் சோடாவையும் ஒரே நேரத்தில் ஊற்றியது, மக்னீசியம் 1,200க்குக் கீழே போனது. இதற்கு மருந்து என்பது மருந்தை நிறுத்துவதுதான். இரண்டு நாள் கழித்து கால்சியம், ஆல்கலினிட்டி, மக்னீசியம் மூன்றையும் அளந்து, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். இல்லையென்றால் அது நின்றுவிடும்.

பிஎச் 7.8ஐத் தாண்ட மறுக்கிறது

மீட்டர் என்றால் 7, 10 கரைசலில் சரிபாருங்கள். அளக்கும் நேரத்தையும் பாருங்கள். விடிகாலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. ஆல்கலினிட்டி 7க்குக் கீழே என்றால் மேலே சொன்ன சோடா கணக்குதான்.

ஆல்கலினிட்டி 8, 9 என்று நன்றாக இருந்தும் பிஎச் ஏறவில்லை என்றால் காரணம் அறைக் காற்றாக இருக்கும். ஓசூரில் ஒரு நண்பர் வீட்டில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். மார்கழிக் குளிர், ஜன்னல் எல்லாம் அடைத்து, ஐந்து பேர் தூங்கும் வீடு. மூன்று வகை பிஎச் மருந்து வாங்கி ஊற்றியிருந்தார், ஆல்கலினிட்டி 14க்குப் போயிருந்தது, பிஎச் அப்படியே. ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு மணி நேரம் ஏர் ஸ்டோன் ஓடவிட்டோம். கீழே 7.8 இருந்தது மாடியில் 8.2 ஆனது. தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை, மூச்சுக் காற்றின் கரியமில வாயு கரைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் செம்புச் சோதனை என்றதும் செப்புப் பாத்திரத்தை எடுக்காதீர்கள், நான் எடுத்தது எவர்சில்வர் செம்பு. தாமிரம் உப்புத் தண்ணீரில் பட்டாலே ஆபத்து.

இதற்குச் செலவில்லாத வழி ஜன்னலைத் திறப்பது. முடியாவிட்டால் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் ஒரு நீளமான டியூபை மாட்டி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். 7.8லேயே நின்றாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதுதான் ஆகாது.

மணலிலும் கல்லிலும் பழுப்புப் படலம்

விரலால் தொட்டால் பொடி போலக் கரைந்து போகிறதா? டயட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிக்கு இது வந்தே தீரும், சில வாரங்களில் போய்விடும். சிவப்பாக, வழுவழுப்பாக, தாள் போல உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா, பாசி போலப் படரும் பாக்டீரியா. அதற்கு நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறையுங்கள்.

டயட்டம் இரண்டு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கிறது. நம் மாவட்டங்களில் பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். பல்லில் கறை படிந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அதனால் "ஃபுளோரைடு மீனைக் கொன்றுவிடுமா?" என்று முதலில் கேட்கிறார்கள். கடல் நீரிலேயே லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. குடிநீருக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 1.5. கடல் மீன் பழகிய பொருள்தான் அது. தொட்டியைக் கெடுப்பது மற்றவை: கடினத்தன்மை, நைட்ரேட், சிலிக்கேட். என் வீட்டு போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டுவது) 1,100 காட்டும். அதை வைத்து தினமும் ஒன்றரை லிட்டர் ஆவியானதை நிரப்பினால் ஒரு மாதத்தில் 45 லிட்டர், அதாவது ஏறக்குறைய 50 கிராம் வேண்டாத உப்புகள் தொட்டியில் சேர்ந்துவிடும். வெளியே போக அவற்றுக்கு வழியே கிடையாது.

அப்போது ஆர்ஓ இருக்கிறதே? அதை டிடிஎஸ் மீட்டரில் அளங்கள்.

20க்குள் காட்டினால் நல்லது.

60, 80, 100 என்றால் மெம்பரேன் போச்சு என்று ஓட வேண்டாம். வீட்டு ஆர்ஓவில் குடிக்க ருசியாக இருப்பதற்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். அது சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சில மெஷினில் மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். சர்வீஸ் பையனைக் கூப்பிட்டு, மெம்பரேனில் இருந்து வரும் குழாயில் வால்வுக்கு முன்பாகவே தொட்டிக்கு என்று ஒரு தனிக் குழாய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வால்வையே மூடிவிட்டால் வீட்டில் குடிக்கிற தண்ணீர் சப்பென்று ஆகிவிடும், வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.

அந்தத் தனிக் குழாயிலும், உள்ளே போகும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டினால் (1,100 போய் 110க்கு மேல் வந்தால்) மெம்பரேனை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மெம்பரேனும் சரி, படலம் மட்டும் நிற்கவில்லை என்றால் டிஐ ரெசின் (ஆர்ஓ தாண்டி வரும் மிச்ச உப்புகளைப் பிடிப்பது) கேட்ரிட்ஜ் ஒன்றை ஆர்ஓவுக்குப் பின்னால் சேருங்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் ரெசினை மாற்றுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். ரெசின் தீரும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கேட்தான், டிடிஎஸ் மீட்டருக்கு அது தெரியாது. கேன் தண்ணீரை நம்பியும் தொடங்காதீர்கள். ஒவ்வொரு கேனும் ஒவ்வொரு அளவு காட்டும்.

மதியம் ஆனால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

அம்மோனியாவை அளங்கள். பூஜ்யம் என்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், உப்புத் தண்ணீரில் அது முதலிலேயே நல்ல தண்ணீரைவிடக் குறைவு.

உடனே செய்ய வேண்டியது: விளக்கை அணையுங்கள், கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) தண்ணீர் மட்டம் குலுங்கும்படி மேல்நோக்கித் திருப்புங்கள். பிறகு தண்ணீர்ப் பரப்பில் காற்றுப் படும்படி சின்ன ஃபேன். நம் ஊர் வெயில் உலர்ந்த வெயில், அதனால் ஃபேன் மட்டுமே இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். ஐப்பசி மழை ஈரத்தில் அவ்வளவு இறங்காது, அப்போது தேவையும் இராது. அவசரத்துக்கு உறைந்த வாட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் பவர்ஹெட்டை மட்டும் இணைத்தால் போதும், ஹீட்டரையும் விளக்கையும் சேர்க்காதீர்கள்.

ஃபேன், ஜன்னல், விளக்கு நேரம் எல்லாம் மாற்றியும் தினமும் 29ஐத் தாண்டுகிறது என்றால்தான் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்). அதுதான் இந்தப் பட்டியலிலேயே பெரிய செலவு. ஏசி மெக்கானிக்கோ சில்லர் தெரிந்தவரோ வந்து, தொட்டி அளவையும் அறைச் சூட்டையும் பார்த்துச் சொல்லட்டும். சில்லர் எடுக்கும் சூட்டை அதே அறையில்தான் கக்கும். அடைத்த அறையில் வைத்தால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் செலவே வராது.

எல்லா அளவும் சரி, வாங்கி வந்த மீன் இரண்டு நாள் தங்கவில்லை

கடைக்காரரிடம் அவர் தொட்டியின் உப்பு அளவைக் கேளுங்கள். பல கடைகளில் 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேரே 1.026க்கு விட்டால் மீன் தாங்காது. உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. தனி டப்பாவில் கடையின் அளவுக்கே தண்ணீர் கலந்துவைத்து, அதில் விட்டு, நாள் கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள்.

சென்னையிலிருந்து ஆறேழு மணி நேரம் பையில் வந்த மீன் என்றால் இன்னொரு விஷயம். பையில் மீனின் மூச்சால் பிஎச் இறங்கியிருக்கும், கழிவால் அம்மோனியா ஏறியிருக்கும். பிஎச் குறைவாக இருப்பதால்தான் அந்த அம்மோனியா மீனைத் தாக்காமல் இருக்கிறது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாக மாறும். அதில் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டுப் பழக்கினால் நாமே கொன்றது போலாகும். உப்பு அளவை முன்பே பொருத்தி வைத்து, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

அதுவும் இல்லை என்றால், மீன் பிழைத்து இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றனவா? தாமிரம். பழைய மருந்து போட்ட தொட்டி, பித்தளை வால்வு, பித்தளை கிளிப் என்று தேடுங்கள். தாமிர டெஸ்ட் கிட்டில் நிறம் வந்தால் தண்ணீரை மாற்றி, புதுக் கார்பன் போடுங்கள்.

எல்லாம் சாகின்றன என்றால் அறைக்குள் சுற்றிப் பாருங்கள். கொசுவுக்கு மாட்டும் லிக்விட், கொசுவர்த்தி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளும். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாந்தோப்புக்கார நண்பரின் தொட்டியில் மூன்று முறை மீன் போனது. அளவுகள் எல்லாம் பாடப் புத்தகம் போல இருந்தன. மூன்று முறையும் தை, மாசியில், மாம்பூவுக்கு மருந்து அடித்த வாரம். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுத்தான் தீனி போட்டேன் என்றார். சட்டையை மாற்றவில்லை, முழங்கை வரை கழுவவில்லை. இப்போது பூ மருந்து அடிக்கும் வாரத்தில் அவர் தொட்டிப் பக்கமே போவதில்லை, தீனியை அவர் மகள் போடுகிறாள். நான்காவதாக வாங்கிய இரண்டு கோமாளி மீன்களும் அந்தத் தொட்டியில்தான் இருக்கின்றன.